கல்யாணத்தை நிறுத்தியாச்சு... அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு யார் பொறுப்பு?

‘குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம்’ என்ற தலைப்பு தருமபுரி மாவட்டச் செய்திப் பக்கங்களுக்குப் புதிதல்ல. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்தால் கூடவே இப்படிச் சில செய்திகளும் வரும். 1098-க்கு யாரோ போன் செய்கிறார்கள். அதிகாரிகள் ஜீப்பில் போய் இறங்குகிறார்கள். பள்ளிச் சான்றிதழைப் பார்த்து வயதை உறுதி செய்கிறார்கள். ‘18 வயது முடியும்வரை கல்யாணம் பண்ண மாட்டோம்’ என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள். செய்தி அத்தோடு முடிந்துவிடும்.

மறுநாள் காலை அந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்த முன்பணம் போச்சு. பத்திரிகை வாங்கிய சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டு விசாரிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். “உன்னாலதானே இவ்வளவு அசிங்கம்” என்ற பேச்சு, போன் செய்தது யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணின் மேல்தான் வந்து விழும். அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாளா, வீட்டில் அடி வாங்குகிறாளா, மூன்று மாதம் கழித்து வேறு ஊரில் சத்தமில்லாமல் தாலி ஏறப்போகிறதா? இதையெல்லாம் யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு நம் நிர்வாகத்தில் பதில் இல்லாமல் இல்லை. ஏழெட்டு பதில் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

ஏன் ஏரியூர்?

பென்னாகரம் ஒன்றியத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட ஏரியூர் ஊராட்சி ஒன்றியத்தில் மொத்தமே 10 ஊராட்சிகள்தான். நாகமரை, பெரும்பாலை, சுஞ்சல்நத்தம், ராமகொண்டஅள்ளி, அஜ்ஜனஅள்ளி என்று பெயர்களைச் சொன்னாலே அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு ஊர் கண்ணில் வந்துவிடும். ஒரு ஓரம் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். மற்றபடி மழையை நம்பிய மானாவாரிக் காடு. மழை ஏமாற்றினால் பெங்களூரு, திருப்பூர், கேரளா என்று கூலி வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். அப்பா அம்மா வெளியூரில், பிள்ளைகள் பாட்டி வீட்டில் என்பது இங்கே சர்வசாதாரணம். “வயசுப் பொண்ணை எத்தனை நாளைக்கு நான் ஒத்தையா காவல் காக்கிறது?” என்று ஒரு பாட்டி கேட்டால் அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கல்யாணம் என்பது அந்தப் பாட்டிக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்புத் திட்டம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள் 2015-16-ல் 16.3 சதவீதம், 2019-21-ல் 12.8 சதவீதம். அகில இந்திய அளவு 23.3. ‘நாம் பரவாயில்லை’ என்று சொல்ல வைக்கிற எண்தான். ஆனால் மாநில சராசரியில் சென்னையும் இருக்கிறது, கோவையும் இருக்கிறது. தருமபுரியின் ஓரத்து ஊராட்சிகள் அந்த எண்ணுக்குள் கரைந்து காணாமல் போகின்றன.

இன்னொரு விஷயம் நிலவியல் சார்ந்தது. நாகமரையில் படகு ஏறினால் எதிர்க்கரை பண்ணவாடி. ஒட்டனூரில் ஏறினால் எதிரே கோட்டையூர். இரண்டும் சேலம் மாவட்டம். பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் தண்ணீரைத் தாண்டிப் பல தலைமுறையாக நடக்கிறது. படகுக்கு அது ஒரு சவாரி. அரசுக்கோ அக்கரையில் வேறு ஆட்சியர், வேறு குழந்தைகள் நலக் குழு, வேறு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. இக்கரையில் நிறுத்தப்பட்ட கல்யாணம் அக்கரைக் கோயிலில் நடந்தால், இக்கரை அதிகாரிக்கு அது தெரியவருவது யாராவது தகவல் சொன்னால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

ஒரு கற்பனைச் சூழலை வைத்துப் பார்ப்போம். ஏரியூர் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாம் வகுப்பு முடித்த 16 வயதுப் பெண். திங்கள் விடிகாலை முகூர்த்தம். ஞாயிறு சாயங்காலம் 1098-க்குத் தகவல் போகிறது.

1098 என்பது 1996-ல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கிய சேவை. நீண்ட காலம் தொண்டு நிறுவனங்கள்தான் அதைக் களத்தில் நடத்தின. 2023-ல் அது அரசின் கைக்கு மாறி, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு இணைந்தது. ஆகவே தகவல் முதலில் தருமபுரிக்கு வரும். ஆனால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலருக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்ட சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. அது வேறு துறை. அவருக்குக் கீழே ஒன்றிய அளவில் விரிவாக்க அலுவலர், ஊர்நல அலுவலர் என்று ஆட்கள் உண்டு. கூடப் போவது போலீஸ். வீட்டை அடையாளம் காட்ட கிராம நிர்வாக அலுவலர். வயதுக்கு ஆதாரம் பள்ளித் தலைமை ஆசிரியரிடம். அந்த வீட்டின் உள்விவகாரம் தெரிந்தவர்கள் அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும்.

இத்தனை பேரும் அன்றைக்கு ராத்திரி நன்றாகவே வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நியாயமாகச் சொன்னால் பெரும்பாலான நேரங்களில் அப்படித்தான் நடக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போய்க் கல்யாணத்தை நிறுத்துகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் நின்றுவிட்டது.

இங்கே சட்டம் தருகிற ஒரு நல்ல ஆயுதம் பெரும்பாலும் உறையிலேயே இருந்துவிடுகிறது. 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி, நீதித்துறை நடுவரிடம் போய்த் தடையாணை வாங்கலாம். தடையாணையை மீறி நடக்கும் கல்யாணம் 14-வது பிரிவின்படி ஆரம்பத்திலிருந்தே செல்லாது. மீறியவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனையும் உண்டு. சாதாரணமாக நடந்துவிட்ட குழந்தைத் திருமணம் அப்படியல்ல. அது தானாகச் செல்லாமல் போகாது. 18 வயதுக்கு முன் மணமுடிக்கப்பட்ட பெண், 20 வயது முடிவதற்குள் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். பக்கத்து கர்நாடகத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்து குழந்தைத் திருமணமே செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். நம்மிடம் அந்தத் திருத்தம் இல்லை. எனவே இங்கே தடையாணைக்கு மதிப்பு அதிகம். பெற்றோரிடம் எழுதி வாங்கும் வெள்ளைத் தாளுக்கு அந்தப் பலம் கிடையாது. ஆனால் தாள் வாங்க 10 நிமிடம் போதும். தடையாணைக்கு யாராவது மெனக்கெட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும். எந்த ‘யாராவது’ என்பதில்தான் வண்டி நின்றுவிடுகிறது.

திட்டம் என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது

கல்யாணம் நடக்கும் ஆபத்தில் இருக்கும் குழந்தையை, ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றே 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வரையறுக்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் 4 உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நடுவரின் அதிகாரம் உண்டு. குழு உத்தரவிட்டால் 15 நாளில் சமூகப் புலனாய்வு அறிக்கை வர வேண்டும். குடும்பம் எப்படி, வருமானம் என்ன, பெண்ணின் விருப்பம் என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். அதற்கப்புறம் ‘தனிநபர் பராமரிப்புத் திட்டம்’. 2016-ம் ஆண்டு மாதிரி விதிகளில் இதற்கு 7-ம் எண் படிவமே இருக்கிறது. படிப்பு, உடல்நலம், மனநலம், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றிலும் என்ன தேவை, என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டிய படிவம்.

விடுதியில் அல்லது இல்லத்தில் தங்கும் குழந்தைக்கு இந்தப் படிவம் ஓரளவு உயிரோடு இருக்கும். ஏனென்றால் அந்தக் குழந்தையைத் தினமும் பார்க்க அங்கே ஒருவர் இருக்கிறார். நம் கற்பனைப் பெண்ணோ இரண்டு நாளில் வீட்டுக்கே அனுப்பப்படுவாள். அனுப்புவது தப்பில்லை. குழந்தைக்குக் குடும்பம்தான் முதல் இடம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பெண் ஏரியூருக்குத் திரும்பிவிடுகிறாள், கோப்பு தருமபுரியில் தங்கிவிடுகிறது. படிவத்தில் ‘பள்ளியில் சேர்க்க வேண்டும்’ என்று எழுதியிருக்கும். ‘வேண்டும்’ சரி, யார் சேர்ப்பது?

ஒன்றிய மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கணக்குப்படி ஒரு மாவட்ட அலகுக்கு சமூகப் பணியாளர்கள் 2 பேர், புறத்தொடர்புப் பணியாளர்கள் 2 பேர். அதிகாரிகள், ஆற்றுப்படுத்துநர், கணக்காளர் எல்லாம் தனி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர், ஊராட்சிகள் 251. வாரம் முழுக்கப் பஸ்ஸிலேயே இருந்தாலும் 4 பேரால் என்ன முடியும்? சமூக நல அலுவலருக்கும் இது ஒன்றே வேலையில்லை. வரதட்சணைப் புகார், குடும்ப வன்முறை, முதியோர் பாதுகாப்பு, பெண் குழந்தைத் திட்டம், புதுமைப்பெண் என்று மேசை நிறைய. 2024 அக்டோபர் 18-ல் உச்ச நீதிமன்றம் குழந்தைத் திருமணத் தடுப்பு குறித்து வழங்கிய தீர்ப்பில், மாவட்ட அளவில் இந்த வேலையை மட்டுமே பார்க்கும் அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னதன் காரணம் இதுதான். கூடுதல் பொறுப்பு என்பது பல நேரம் யாருடைய பொறுப்பும் இல்லை என்பதற்கு இன்னொரு பெயர்.

தலைவர் இல்லாத குழு

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. 2009-ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் யோசனை அது. ஊராட்சித் தலைவர் தலைமை. அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், செவிலியர், ஊர்ப் பெரியவர்கள், குழந்தைகளின் பிரதிநிதிகள் 2 பேர், பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் உறுப்பினர்கள். அதற்கு மேலே ஒன்றிய அளவில் ஒரு குழு. ஒன்றியக் குழுத் தலைவர் தலைமை, வட்டார வளர்ச்சி அலுவலர் செயலர். 2022-ல் வந்த வாத்சல்யா வழிகாட்டுதலும், உள்ளாட்சியில் ஏற்கெனவே இருக்கும் பெண்கள்-குழந்தைகள் நலக் குழுவிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம் என்கிறது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. வீடு தெரிந்தவர், பெண்ணைத் தெரிந்தவர், மாப்பிள்ளை வீட்டை அறிந்தவர் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரே இடம் இதுதான்.

இப்போது ஒரு தேதியைப் பாருங்கள். தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் உடனே நடக்கவில்லை. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தெருவிளக்கு, குடிநீர், 100 நாள் வேலை பற்றியெல்லாம் இதனால் என்ன பாதிப்பு என்று நிறையப் பேசியாகிவிட்டது. குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் தலைவர் நாற்காலியும் அதே நாளில் காலியானது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

‘தலைவர் இருந்தப்போ மட்டும் என்ன கிழிச்சாங்க?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல ஊர்களில் அந்தக் கல்யாணத்துக்கு முதல் மொய் வைத்தவரே தலைவராக இருந்திருப்பார். ஓட்டுப் போட்ட வீட்டுக் கல்யாணத்தை எந்தத் தலைவர் நிறுத்துவார்? ஆனாலும் தலைவருக்கு ஒரு குணம் உண்டு: ஊரைவிட்டு மாறுதலாகிப் போக மாட்டார். மூன்று மாதம் கழித்து ‘அந்தப் பொண்ணு என்ன பண்ணுது?’ என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியும். தனி அலுவலர் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவர். அவரிடம் ஊர் விசுவாசம் என்ற சிக்கல் இல்லை; ஊர் நினைவும் இல்லை. சொந்த ஓட்டுக் கணக்கு இல்லாத இந்தக் காலத்தில்தான் குழுவை ஒழுங்காகக் கூட்டிப் பழக்கப்படுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

ஒருங்கிணைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்துக்கு ஒரு கசப்பான நினைவு உண்டு. 2018 தீபாவளியை ஒட்டி மலைக்கிராமம் ஒன்றில் பள்ளி மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். புகார் கொடுத்த சில நாட்களில் தருமபுரி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். போலீஸ் மெத்தனம் காட்டியது, உரிய சிகிச்சைக்கு முன் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார் என்பவையே அப்போது எழுந்த முக்கியக் குற்றச்சாட்டுகள். போலீஸ், காப்பகம், மருத்துவமனை என மூன்றுமே இருந்தன. ‘முதலில் ஆஸ்பத்திரி’ என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய ஒருவர் எங்கே இருந்தார் என்பதுதான் அன்று கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

லண்டன் கற்ற பாடம், பாதி

இந்தக் கேள்வியைத் தேசிய அளவில் கேட்டு, விடையை எழுதி வைத்த நாடு பிரிட்டன். ஐவரி கோஸ்டிலிருந்து உறவினரோடு லண்டன் வந்த 8 வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே, 2000 பிப்ரவரி 25 அன்று, வீட்டிலேயே சித்திரவதைக்கு ஆளாகி இறந்தாள். விசாரித்த லாமிங் பிரபு 2003-ல் தந்த அறிக்கை, அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் கிடைத்தும் எல்லாமே தவறவிடப்பட்டன என்று சொன்னது. நான்கு உள்ளாட்சிகளின் சமூகப் பணித் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், போலீஸின் இரண்டு குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுகள் அவளை அறிந்திருந்தன. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார்கள்.

அங்கே இப்போதுள்ள நடைமுறை எளிமையாகச் சொன்னால் இது. ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்து துறைகள் கலந்து பேசிய 15 வேலை நாட்களுக்குள், பள்ளி, சுகாதாரம், போலீஸ், குடும்பம் எல்லாரும் ஒரே அறையில் கூட வேண்டும். தேவை என்றால் பாதுகாப்புத் திட்டம் எழுதப்படும். அதற்கு ஒரு முதன்மைச் சமூகப் பணியாளரின் பெயர் போடப்படும். அவரைச் சுற்றி ஒரு சிறு குழு 10 வேலை நாட்களில் கூடும். மூன்று மாதத்தில் மறுஆய்வு, அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் ஒரு முறை.

உடனே ‘வெளிநாட்டைப் பாரு’ என்று கிளம்பிவிட வேண்டாம். விக்டோரியாவை அறிந்திருந்த உள்ளாட்சிகளில் ஒன்றான ஹாரிங்கேயிலேயே 2007-ல் பீட்டர் கானலி என்ற 17 மாதக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தின் கீழ்தான் இருந்தது. எட்டு மாதத்தில் அதிகாரிகளும் மருத்துவர்களும் சுமார் 60 முறை பார்த்திருந்தார்கள். ஆக, படிவமும் கூட்டமும் மட்டும் எந்தக் குழந்தையையும் காப்பாற்றிவிடாது. ஆனால் பெயர் போட்ட ஒரு ஆள் இருந்ததால், எங்கே தவறியது என்றாவது அங்கே கண்டுபிடிக்க முடிந்தது. நம்மிடம் அந்த இழை அறுந்த இடமே தெரிவதில்லை.

ஏரியூர் அளவில் என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் கேட்கிற விஷயம் இல்லை இது. நிறுத்தப்பட்ட ஒவ்வொரு கல்யாணத்துக்கும், மீட்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கத் தாள் போதும். மேலே ஒரே ஒருவரின் பெயர். அவர் ஊர்நல அலுவலராக இருக்கலாம், பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளராக இருக்கலாம், சில இடத்தில் தலைமை ஆசிரியையாகக்கூட இருக்கலாம். யாராக இருந்தாலும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவிலேயே அந்தப் பெயர் வர வேண்டும். கீழே நாலைந்து வரி: எந்தத் தேதிக்குள் பள்ளியில் சேர்ப்பது, தடையாணைக்கு யார் மனு போடுவது, வீட்டுக்கு யார் எப்போது போவது, ஆபத்து என்று தோன்றினால் பெண் யாரைக் கூப்பிடுவாள். 18 வயது நிறையும் தேதியையும் எழுத வேண்டும். திட்டம் முடியும் நாள் அதுதான். ஞாயிறு ராத்திரி அல்ல.

பணம் வருகிற வழிகளும் இருக்கின்றன, ஆனால் எல்லாம் வெவ்வேறு கதவுக்குப் பின்னால். வாத்சல்யாவின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குழந்தைத் திருமணத்தால் பாதிக்கப்பட்டவர்களும் அதற்குத் தகுதியானவர்கள் பட்டியலில் உண்டு. இந்த விண்ணப்பம் பாதுகாப்பு அலகுக்குப் போகும். தங்கிப் படிக்க வேண்டும் என்றால் கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி, அல்லது ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி; ஒவ்வொன்றும் தனித்தனித் துறை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அது சமூக நலத்துறை. ஏரியூரிலேயே இப்போது அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. முன்பு பெண்ணுக்கு 18 வயது முடிந்து கல்யாணமானால் அரசு தாலித் தங்கம் தந்தது. 2022-ல் அந்தப் பணத்தைப் படிப்பின் பக்கம் திருப்பியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பிலேயே நின்றுபோன பெண்ணுக்குக் கல்லூரி உதவித்தொகை எட்டாக்கனி. அந்த இரண்டு வருடத்தைத் தாண்ட வைக்க ஒரு ஆள் வேண்டும். நான்கு கதவையும் தட்ட நிறுத்தப்பட்ட கல்யாணத்தின் குடும்பத்துக்குத் தெம்பும் இருக்காது, விவரமும் தெரியாது.

தாளை யார் சரிபார்ப்பது? ஒன்றிய அளவிலான குழு. 10 ஊராட்சி உள்ள ஏரியூரில் இது கைக்கு அடங்கிய வேலை. வட்டார வளர்ச்சி அலுவலர் மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ‘விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம், உறுதிமொழி எடுத்தோம், குழுப் படம் எடுத்தோம்’ என்ற அறிக்கை வேண்டாம். போன முறை எழுதிய வரியில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்கிற கூட்டமாக இருக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குழந்தைகள் நலக் குழுவின் செயல்பாட்டைக் காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்யும் பொறுப்பு ஆட்சியருக்கு இருக்கிறது. அந்த ஆய்வில் ‘எத்தனை கல்யாணம் நிறுத்தினீர்கள்’ என்று கேட்பதோடு, ‘போன வருடம் நிறுத்திய கல்யாணத்துப் பெண்களில் எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள்’ என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் தயாரிக்க வேண்டி வந்தால் தாள் தானாக ஒழுங்காகிவிடும். சேலம் மாவட்டத்தோடு ஒரு ஏற்பாடும் வேண்டும்: பெண் வீடு இக்கரை, மாப்பிள்ளை வீடு அக்கரை என்றால் உத்தரவின் நகல் அன்றைக்கே கொளத்தூர் பக்கத்து அதிகாரிகளுக்கும் போக வேண்டும்.

ரகசியமும் பயமும்

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்தும் உண்டு. ஊர்க்குழுவில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் பேசினால், சாயங்காலம் டீக்கடையில் அது ஓடும். ஒன்றியக் கூட்டத்தில் எண்ணை வைத்தே பேச வேண்டும்; பெயரும் முகவரியும் பொறுப்பாளரிடமும் நலக் குழுவிடமும் மட்டும் இருக்க வேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்திலும் போக்சோவிலும் குற்றம். வாட்ஸ்ஆப் குழுவில் ஆதார் அட்டையின் படத்தைப் போட்டு ‘உடனடி நடவடிக்கை’ கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கல்யாணம் ஏற்கெனவே நடந்து, பெண் கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு உறவு கொள்வது, கணவனாகவே இருந்தாலும், போக்சோ சட்டப்படி குற்றம். கணவனுக்கு இருந்த விலக்கையும் 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. தகவல் தெரிந்தவர் சொல்லாமல் விடுவதும் தண்டனைக்குரியது. செவிலியர் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் கணவனும் சில நேரம் அப்பாவும் சிறைக்குப் போவார்கள் என்று பயந்து, பெண் பரிசோதனைக்கே வராமல் போகலாம். மெலிந்த உடம்பு, ரத்தசோகை, சின்ன வயதுப் பிரசவம். வீட்டில் ஒளித்து வைத்தால் உயிருக்கே ஆபத்து. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் போலீஸிடம் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒரு சின்ன ஜன்னல். பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அந்த ஜன்னல் கிடையாது. போக்சோ விதிகளின்படி நலக் குழு அவளுக்கு ஒரு ஆதரவாளரை நியமிக்கலாம். வழக்கும் மருத்துவமும் ஒன்றையொன்று மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர். இங்கேயும் கேள்வி அதேதான்: அந்த ஒருவர் யார், அவர் பெயர் தாளில் இருக்கிறதா?

ஏரியூர் ஒன்றியத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1098-க்கு 24 மணி நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தலைவர் இல்லாவிட்டாலும், தனி அலுவலர் அங்கே பதில் சொல்ல வேண்டும். யாருடைய பெயரையும் எடுக்காமல் மூன்று கேள்வி கேட்கலாம்: நம் ஊராட்சிக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, இப்போது அதற்குத் தலைமை யார், இந்த வருடம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதினார்களா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.